வேட்பாளர் வீட்டில் உலை வைப்பது யார்?

2019 டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டு ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்கான வேட்புமனுக்களை வாபஸ் பெறும் கெடு முடிந்தது. சின்னங்கள் ஒதுக்கப்பட்டன. 27ஆம் தேதி முதல் கட்ட வாக்குப்பதிவு என்பதால் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் மாலையோடு, ஓட்டுக் கேட்பது நின்றுவிட வேண்டும். தன் சின்னம் எது என்று தெரிந்துகொண்ட ஊராட்சி வேட்பாளருக்கு அதை ஊருக்குச் சொல்லக் கிடைத்தவை ஆறே நாட்கள். அந்த ஆறு நாட்களுக்குள் பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாள், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களுக்கு விரதம், டெல்டாவில் சம்பா வயலின் வேலை, கன்னியாகுமரியில் குடில் கட்டுவது எல்லாம் இருந்தன. அந்தத் தேர்தலில் 27 மாவட்டங்களில் நிரப்ப வேண்டிய இடங்கள் 91,975. அவற்றில் 76,746 கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் இடங்கள், 9,624 ஊராட்சித் தலைவர் இடங்கள். மீதி ஒன்றிய, மாவட்ட ஊராட்சி வார்டுகள்.

இத்தனை இடங்களுக்கும் நின்றவர்களில் அரசியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் சொற்பம். ஆட்டோ ஓட்டுகிறவர், மகளிர் குழுத் தலைவி, மளிகைக் கடைக்காரர், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பால் ஊற்றுகிறவர் என்று எல்லோரும் அதில் உண்டு. சட்டமன்ற வேட்பாளரைப் பற்றி நம்மிடம் புத்தகங்கள் ஏராளம், எழுத நிருபர்களும் ஏராளம். இந்த ஊராட்சி வேட்பாளர்கள் அந்த நாட்களில் பிழைப்பையும் வீட்டையும் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பது மட்டும் அநேகமாகப் பேசப்படாமலே கிடக்கிறது. பேசப்படும்போதும் "குடும்பத்தையும் பார்த்துக்கிட்டு எப்படிம்மா சமாளிக்கிறீங்க?" என்று பெண் வேட்பாளரிடம் கேட்கும் ஒரு பேட்டிக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்வியே தவறான இடத்தில் கேட்கப்படுகிறது என்பது என் கட்சி. வேலையையும் வீட்டையும் தேர்தலையும் ஒருவரே சமாளிப்பது எங்கும் நடப்பதில்லை. வேறு யாரோ ஒருவர் அவருடைய பங்கைத் தூக்கிக்கொள்கிறார். அப்படித் தூக்க ஆள் உள்ளவர் நிற்கிறார், இல்லாதவர் நிற்பதில்லை. உள்ளாட்சியில் யார் உட்காருகிறார் என்பதை ஓட்டுப்பெட்டிக்கு முன்பாகவே இது பாதி தீர்மானித்துவிடுகிறது.

தேதி தெரியாத தேர்தல்

73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. 1996, 2001, 2006, 2011 என்று நான்கு முறை அது ஏறக்குறைய ஒழுங்காக, அதுவும் அக்டோபரிலேயே நடந்தது. அதன் பிறகு அந்த ஒழுங்கு குலைந்தது. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் வாக்குப்பதிவு என்று அறிவித்து, வேட்புமனுக்கள் வாங்கி முடித்த மறுநாளே, அக்டோபர் 4 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் வந்த தீர்ப்பு அது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லீவு போட்டு, வீட்டு வரி பாக்கியைக் கட்டி, டெபாசிட் செலுத்தி, நகையை அடகு வைத்து மனு கொடுத்தவர்கள் அடுத்த வாய்ப்புக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். அதற்குள் பலருடைய வார்டின் ஒதுக்கீடே மாறிவிட்டது.

2019 டிசம்பர் தேர்தலும் முழு மாநிலத்துக்கும் நடக்கவில்லை. மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதால் ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. அங்கே 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19. அதற்கும் முந்தைய கதை இன்னும் விசித்திரம். சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டு, 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாமல் இருந்தது.

தேதி நிச்சயமில்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்? கட்சியின் ஒன்றியச் செயலாளருக்கு இல்லை. அவர் எப்போதும் தயார். ஒப்பந்தக்காரருக்கும் இல்லை. தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்வந்துகொண்டுதான் இருப்பார். மாதச் சம்பளக்காரருக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், பிளஸ் டூ படிக்கும் பிள்ளையை வைத்திருப்பவருக்கும்தான் நஷ்டம். அவர்களுக்கு ஓராண்டு முன்னதாகத் தெரிந்தால் லீவைச் சேர்த்து வைக்கலாம், ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்கலாம், சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுக்கலாம். இங்கே தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து வாக்குப்பதிவு வரை மூன்று, நான்கு வாரம்தான். 2022இல் மனுத்தாக்கல் ஜனவரி 28இல் தொடங்கியது, பிப்ரவரி 7 வாபஸ், 19 வாக்குப்பதிவு. கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகள் அந்த பிப்ரவரி 1ஆம் தேதிதான் மறுபடி திறந்திருந்தன. வீட்டிலேயே இருந்த பிள்ளையை மறுபடி சீருடை போட்டுப் பள்ளிக்கு அனுப்பப் பழக்கிய அதே வாரத்தில் 12,838 வார்டுகளில் தாய்மார்களும் தகப்பன்மார்களும் ஓட்டுக் கேட்கக் கிளம்பினார்கள்.

இதோடு சுழற்சி முறை ஒதுக்கீடு சேர்ந்துகொள்கிறது. 2016இல் சட்டம் திருத்தப்பட்டுத் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் கிடைத்தது. மிகச் சரியான சட்டம். ஆனால் எந்த வார்டு யாருக்கு என்பது தேர்தலை ஒட்டி உறுதியாகும்போது என்ன நடக்கிறது? பத்தாண்டு அந்த வார்டில் உழைத்த ஆண் ஒரு நாள் காலையில் தன் வார்டு "பெண்கள் பொது" என்று தெரிந்துகொள்கிறார். அன்று மாலையே அவர் மனைவி வேட்பாளராகிவிடுகிறார். அந்தப் பெண் தன் வேலையை, பிள்ளைகளை, உடல்நிலையை யோசித்து முடிவெடுக்க ஒரு வாரம்கூட இருப்பதில்லை. யோசிக்கச் சொல்லி அவரை யாரும் கேட்பதுமில்லை.

பன்னிரண்டு நாள் லீவு

வேலை என்ற பக்கத்துக்கு வருவோம். அரசு ஊழியர் நிற்க முடியாது. 1973ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசியல் கட்சியில் சேர்வதையும் தேர்தலில் நிற்பதையும் ஓட்டுக் கேட்பதையும் தடுக்கின்றன. நிர்வாகம் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் கணவர் அரசு ஊழியர், மனைவி வேட்பாளர் என்றால் குடும்பத்துக்குள் ஒரு விசித்திரமான கோடு விழுகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான நடத்தை விதிகள், ஊழியர் தன் வாகனத்திலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டுவதைக்கூடத் தன் செல்வாக்கைப் பயன்படுத்துவதாகவே கருதுகின்றன. மனைவியின் சின்னத்தை அவர் வீட்டுச் சுவரிலேயே ஒட்டலாமா கூடாதா? அந்தச் சுவர் யாருடையது? விதி எழுதியவர்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் பொதுவாழ்வு இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

இலங்கையில் வேறு வழி. அங்கே அரசு ஊழியர்களில் சில தரத்தினர் சம்பளமில்லா விடுப்பில் உள்ளூராட்சித் தேர்தலில் நிற்கலாம். கேட்க முற்போக்காக இருக்கிறது. 2023 மார்ச் 9 அன்று நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் அப்படி விடுப்பெடுத்து வேட்புமனு கொடுத்தார்கள். அரசு பணம் ஒதுக்கவில்லை என்று தேர்தல் தள்ளிப்போனது. மனு உயிரோடு இருப்பதால் அவர்கள் வேலைக்குத் திரும்ப முடியவில்லை, தேர்தலும் நடக்கவில்லை, சம்பளமும் இல்லை. பொருளாதார நெருக்கடியின் நடுவே மாதக்கணக்கில் அந்தக் குடும்பங்கள் அந்தரத்தில் நின்றன. தேர்தல் கடைசியில் புதிய மனுக்களோடு 2025 மே 6 அன்றுதான் நடந்தது. உரிமையைக் காகிதத்தில் கொடுத்துவிட்டுத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

தனியார் வேலையில் இருப்பவருக்குத் தடையும் இல்லை, சலுகையும் இல்லை. வாக்களிக்கச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு, வேட்பாளராக நிற்க ஒரு நாள்கூட இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் ஈட்டிய விடுப்பு தந்தது. ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்குப் பன்னிரண்டு நாள். வாபஸ் நாளிலிருந்து வாக்குப்பதிவு வரை 2022இல் ஓடிய நாட்களும் பன்னிரண்டுதான். ஆண்டு முழுவதும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் லீவு எடுக்காமல் சேர்த்து வைத்தவர் அத்தனையையும் ஒரே மூச்சில் தேர்தலுக்குக் கொடுக்க வேண்டும். அதன்பின் பொங்கலுக்கோ மாமியாரின் ஆபரேஷனுக்கோ சம்பளப் பிடித்தம்தான். இதுவும் நிரந்தரத் தொழிலாளிக்கான கணக்கு. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. போகாத ஷிப்டுக்குச் சனிக்கிழமை கூலி இல்லை, அவ்வளவுதான்.

பிரிட்டனில் 1996ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, உள்ளாட்சி உறுப்பினராக இருக்கும் தொழிலாளி தன் மன்றப் பணிக்கு நியாயமான நேரம் எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வேட்பாளருக்கும் அது பொருந்தாது. ஆனாலும் கவுன்சிலராகிவிட்டதற்காக முதலாளி முகம் சுளிக்க முடியாது என்ற அளவில் அது பெரிய விஷயம். நம் ஊரில் கவுன்சிலரான கணக்கரை நிறுவனம் வைத்துக்கொள்வதும் அனுப்பிவிடுவதும் நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது.

ஆகவே நிற்கக்கூடியவர் யார்? கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வரக்கூடியவர், வயலைக் குத்தகைக்கு விட்டவர், வட்டிக்கு விடுபவர், நிலத் தரகர், ஒப்பந்தக்காரர். இவர்களுடைய வருமானம் கடிகாரத்தோடு கட்டப்பட்டதல்ல. உள்ளாட்சி மன்றங்களில் ஒப்பந்தக்காரர்கள் ஏன் நிறைந்திருக்கிறார்கள் என்று ஊழல் கோணத்தில் மட்டும் பேசுகிறோம். பகல் பதினொரு மணிக்கு ஓய்வாக இருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான் என்பதும் ஒரு காரணம்.

காலை ஆறு முதல் எட்டரை வரை

ஓட்டுக் கேட்கப் போகிறவருக்கு ஒரு சின்னக் கணக்கு தெரியும். பகலில் தெரு காலியாக இருக்கும். வயலுக்கும் மில்லுக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள் திரும்ப மாலை ஆகும். வாக்காளர் வீட்டில் இருக்கும் நேரம் காலை ஆறு முதல் எட்டரை, மாலை ஆறு முதல் ஒன்பது. நூறு நாள் வேலைத் தளத்துக்கே போய்க் கும்பிடுகிறவர்கள் உண்டு, அங்கே பெரும்பாலும் பெண்கள் கூட்டமாகக் கிடைப்பார்கள் என்பதால். மற்றபடி ஓட்டுக் கேட்க உகந்தவை இந்த இரண்டு நேரங்கள்தான்.

ஒரு வீட்டில் பெண் இல்லாமல் நகராத நேரங்களும் இதே இரண்டுதான். தண்ணீர் பிடிப்பது, உலை வைப்பது, தலை பின்னுவது, டிபன் பாக்ஸ் கட்டுவது, மாலையில் வீட்டுப்பாடம், ராத்திரிச் சாப்பாடு. வாக்காளர் தன் வீட்டில் இருக்கும் நேரத்தில் வேட்பாளர் தன் வீட்டில் இருக்க முடியாது. ஆண் வேட்பாளருக்கு இந்த மோதல் தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவருக்கு வீட்டில் வேலை இருந்ததில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்களின் சராசரிதான். ஆண்களில் அப்படிப்பட்டவர்கள் 26 சதவீதம், பெண்களில் 81 சதவீதம். 2024 கணக்கெடுப்பில் இந்த எண்கள் 289, 88 என்று இரு பக்கமும் சற்றே இறங்கின. ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான இந்த வேலை தேர்தல் வந்தால் மறைந்துவிடாது. மாமியாரிடமோ, நாத்தனாரிடமோ, பத்தாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகளிடமோ போகிறது.

தேர்தல் அந்த வேலையைக் கூட்டவும் செய்கிறது. உடன் வருகிறவர்களுக்குக் காலை டீ, பொங்கல், மதியம் சாப்பாடு என்று வேட்பாளர் வீட்டில் அடுப்பு அணைவதில்லை. ஆண் வேட்பாளர் என்றால் இதை அவர் மனைவி செய்கிறார். பெண் வேட்பாளர் என்றால் பல இடங்களில் அவரே விடிவதற்கு முன் சமைத்து இறக்கிவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்புகிறார். தெருவில் ஆரத்தி எடுக்கிற பெண்கள் தட்டில் பணம் எதிர்பார்ப்பார்கள். திருமண வீடு, துக்க வீடு, காதுகுத்து எதையும் விட முடியாது. ஒரு சாவுக்குப் போகாத வேட்பாளரைக் கிராமம் மறக்காது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் இங்கே செய்திருப்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். 1989இல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய இயக்கம் அது. வாராந்திரக் கூட்டம், வரவுசெலவுப் புத்தகம், வங்கி மேலாளர் முன் உட்கார்ந்து பேசுவது என்று ஒரு தலைமுறைப் பெண்களை அது பழக்கியது. தேர்தலில் நிற்கும் குழுத் தலைவிக்குத் தெருத்தெருவாக அறிமுகம் ஏற்கெனவே இருக்கிறது. அதைவிட முக்கியமாக, பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள இன்னும் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. கட்சியால் கொடுக்க முடியாத உதவி இது. குழுவின் கடன் தவணை மட்டும் தேர்தல் என்று காத்திருக்காது.

யாரும் தேர்தலை நினைத்துச் செய்யாத சில அரசுத் திட்டங்களும் இங்கே கைகொடுக்கின்றன. 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 செப்டம்பர் 15இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது காலை உணவுத் திட்டம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு என்றால், நான் மேலே சொன்ன அந்த மோதல் நேரத்தில் அரை மணி நேரம் மிச்சமாகிறது. ஒரு பெண் பொதுவாழ்வுக்கு வருவதற்கு உதவும் திட்டங்களை மகளிர் அதிகாரப் பயிலரங்குகளில் தேடுகிறோம். பள்ளிக்கூடச் சமையலறையில் தேடினால் கிடைக்கும்.

இந்தப் பின்னணியில் நாளிதழ்கள் கொண்டாடிய ஊராட்சித் தலைவர்களின் வெற்றிகளைப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் காட்டிநாயக்கன்தொட்டியில் 21 வயதுக் கல்லூரி மாணவி சந்தியாராணி. தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் பொறியியல் படித்த இளம்பெண் சாருகலா. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் 79 வயது வீரம்மாள். திருநெல்வேலி அருகே சிவந்திபட்டியில் 90 வயது பெருமாத்தாள். நால்வருமே பாராட்டுக்குரியவர்கள். ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. இருபதுகளின் தொடக்கத்திலும் எழுபதைத் தாண்டியும் பொதுவாகப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பிள்ளைகள் இருப்பதில்லை. முப்பத்தைந்து வயதில் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு வேலையோடும் நின்று வென்ற பெண்தான் உண்மையில் அதிசயம். அவருடைய படம் முதல் பக்கத்தில் வருவதில்லை.

கணக்கில் வராத செலவு

ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு 2019இல் டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 300. செலவு வரம்பு 34,000 ரூபாய். வார்டு உறுப்பினருக்கு 9,000. இந்த எண்களைக் கிராமத்தில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிப்புக்குப் பின்னால் அடகுக்கடை ரசீது இருக்கிறது. கணவர் நிற்பதற்காக மனைவியின் நகை போவது சாதாரணம், மனைவி நிற்பதற்கும் மனைவியின் நகைதான் போகிறது. தோற்றவர் வீட்டில் அந்த நகை மீண்டு வரப் பல வருடம் ஆகும், அதற்குள் மகளின் கல்யாணம் வந்துவிடும்.

தேர்தல் முடிந்து முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். போஸ்டர், வாகனம், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் அதில் எழுதலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த கூலியை அங்கே எழுத யாருக்கும் தோன்றாது. அமெரிக்காவில் 2018இல் இது தேர்தல் ஆணையத்தின் முன்பே ஒரு கேள்வியாக வந்தது. நியூயார்க்கிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்ட லியூபா கிரெச்சன் ஷர்லி, இரண்டு சிறு குழந்தைகளின் தாய். குழந்தைப் பராமரிப்புச் செலவைத் தேர்தல் நிதியிலிருந்து கொடுக்கலாமா என்று கேட்டார். பிரச்சாரத்தால்தான் அந்தச் செலவு வருகிறது என்றால் கொடுக்கலாம் என்று கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் ஒப்புக்கொண்டது. அதன்பின் பல மாநிலங்கள் தங்கள் தேர்தல்களுக்கும் அதை அனுமதித்தன. நம்மூரில் ஊராட்சி வேட்பாளருக்கு நிதி என்று ஒன்று தனியாக இல்லை, எல்லாம் குடும்பப் பணம். என்றாலும் கணக்குப் படிவத்தில் அப்படி ஒரு வரி இருந்தால், அது ஒரு செலவு என்றாவது அரசு ஒத்துக்கொண்டதாக இருக்கும்.

ஜெயித்த பிறகு வருவது என்ன? தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவரின் மதிப்பூதியம் நீண்ட காலம் மாதம் 1,000 ரூபாயாக இருந்து பின்னர் 2,000 ஆனது. நூறு நாள் வேலையில் 2025-26க்கான தினக்கூலி 336 ரூபாய். தலைவரின் மாத ஊதியம் ஆறு நாள் மண் வெட்டும் கூலிக்குச் சமம். நகரங்களில் 2023 ஜூலை முதல் மேயருக்கு 30,000, மாநகராட்சி கவுன்சிலருக்கு 10,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 என்று நிர்ணயித்தார்கள். முன்பு இருந்ததற்கு இது முன்னேற்றம். ஆனால் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வர எந்தக் குடும்பமும் சம்மதிக்காது. வேலையை விட முடியாது, வைத்துக்கொண்டும் பார்க்க முடியாது. நேர்மையானவருக்கு வேறு வருமானம் தேவை, நேர்மையில்லாதவருக்குப் பதவியே வருமானம்.

பிள்ளைகளை எண்ணிய சட்டங்கள்

குடும்பத்தைக் காரணம் காட்டிச் சட்டமே கதவை அடைத்த மாநிலங்களும் உண்டு. ராஜஸ்தான், ஆந்திரம், ஹரியானா, மத்தியப் பிரதேசம், ஒடிசா, மகாராஷ்டிரம், குஜராத் ஆகியவை வெவ்வேறு காலங்களில் இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர் உள்ளாட்சியில் நிற்கக் கூடாது என்றன. 2003இல் ஜாவேத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஹரியானா சட்டத்தைச் செல்லும் என்றது. முன்னாள் தலைமைச் செயலரான நிர்மலா புச் ஐந்து மாநிலங்களில் நடத்திய ஆய்வு அந்தச் சட்டத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. பதவிக்காக மனைவியைத் தள்ளிவைத்தவர்கள், கருவைக் கலைக்க வைத்தவர்கள், குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டதாகக் காட்டியவர்கள் எனப் பட்டியல் நீண்டது. ஆணின் பதவி ஆசைக்கும் பெண்ணின் உடல்தான் விலை கொடுத்தது. மத்தியப் பிரதேசம் 2005இலும் ஹரியானா 2006இலும் விதியை நீக்கின. மக்கள்தொகை குறைகிறது என்று இப்போது கவலைப்படும் ஆந்திரம் 2024 நவம்பரில் நீக்கியது. தமிழ்நாடு இந்தப் பக்கமே போகவில்லை. நல்லதாயிற்று.

கேரளத்தில் ஆர்யா ராஜேந்திரன் 2020 டிசம்பரில் 21 வயதில் திருவனந்தபுரம் மேயரானார். 2023இல் தாயானார். சில வாரங்களே ஆன குழந்தையை மார்போடு அணைத்தபடி அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் அவர் படம் நாடெங்கும் பரவியது. பாராட்டியவர்கள் பாதி, விளம்பரம் என்று திட்டியவர்கள் பாதி. இரு தரப்பும் கேட்காத கேள்வி, அந்த மேயருக்கு மகப்பேறு விடுப்பு என்ற ஒன்று ஏன் இயல்பாகக் கிடைக்கவில்லை என்பது. மகப்பேறுப் பயன் சட்டம் தந்த 26 வாரம் ஊழியருக்கு, தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஊழியர் அல்ல. அயர்லாந்து 2022இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, உள்ளாட்சி உறுப்பினருக்கு மகப்பேறு விடுப்பும் அந்தக் காலத்தில் தற்காலிக மாற்று உறுப்பினரும் ஏற்பாடு செய்தது.

சட்டம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நினைப்பவர்கள் ஸ்வீடனைப் பார்க்கலாம். ஒல்லே ஃபோல்கே, யொஹானா ரிக்னே இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு அங்கே மேயர், நாடாளுமன்ற உறுப்பினர் போன்ற பதவிகளுக்கு உயர்ந்த பெண்களின் விவாகரத்து வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பானதைக் கண்டது. ஆண்களின் மணவாழ்வில் பதவியால் அப்படி எந்த மாற்றமும் இல்லை. குழந்தைகள் காப்பகமும் தகப்பனுக்கு விடுப்பும் தாராளமாக உள்ள நாட்டிலேயே இப்படி.

கணவர் வந்து உட்காரும் நாற்காலி

"தலைவரோட வீட்டுக்காரர்" என்ற பதவி அரசிதழில் இல்லை, ஆனால் ஊரறிந்தது. வட இந்தியாவில் இதற்கு "சர்பஞ்ச் பதி" என்றே பெயர். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அமைத்த குழு 2025இல் இதற்குக் கடும் தண்டனை வேண்டும் என்று பரிந்துரைத்தது. இது வெறும் ஆணாதிக்கம் என்பது பாதி உண்மை. மறுபாதி நேரம். ஒன்றிய அலுவலகக் கூட்டம் மதியம் தொடங்கி மாலை ஆறுக்கு முடிகிறது, ஊருக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. மோட்டார் நின்றுபோனால் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டுகிறார்கள். பெண் தலைவரின் வீட்டு வேலையில் ஒரு நிமிடத்தைக்கூட எடுத்துக்கொள்ளாத கணவர், அவருடைய பதவி வேலையை மட்டும் முழுவதுமாக எடுத்துக்கொள்கிறார். இரண்டில் எது மரியாதை தரும் வேலை என்று அவருக்குத் தெரியும். அந்தக் கணவரைத் தண்டிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைப்பது அதைவிட மலிவான வைத்தியம்.

ஆனால் இந்தக் கதை முழுக்க இருட்டல்ல. மேற்கு வங்கத்தில் லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா தொபலோவா செய்து 2012இல் வெளியான ஆய்வு 495 கிராமங்களை ஒப்பிட்டது. இரண்டு முறை தொடர்ந்து பெண் தலைவருக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், மகன் படிப்பைப் பற்றியும் மகள் படிப்பைப் பற்றியும் பெற்றோர் வைத்திருந்த கனவுகளுக்கு இடையிலான தூரம் குறைந்தது. வளரிளம் பெண்கள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரமும் குறைந்தது. தாய் தேர்தலில் நின்றால் சுமை மகள் தலையில் விழும் என்று மேலே சொன்னேன். அது அந்த நாட்களின் உண்மை. ஒரு பெண் தலைவரைப் பத்தாண்டு பார்த்து வளர்ந்த ஊரில் மகளின் சுமை இறங்கியதும் உண்மை.

குடும்பங்கள் தயங்குவதற்கு நேரமும் பணமும் மட்டும் காரணமல்ல என்பதையும் மதுரைக்காரர்கள் அறிவார்கள். வில்லாபுரத்தில் மார்க்சிஸ்ட் கட்சிக் கவுன்சிலராக வென்ற லீலாவதி, மக்களுக்குக் குழாயில் தண்ணீர் வர வேண்டும் என்று நின்றதற்காக 1997 ஏப்ரலில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்காக இன்னும் சிலரோடு சேர்த்துக் கொல்லப்பட்டார். "நமக்கெதுக்கு இந்த வேலை" என்று ஒரு தாய் சொல்லும்போது அது கோழைத்தனம் என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட முடியாது.

27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்தல் எப்போது வந்தாலும் பெரிய சட்டத் திருத்தம் இல்லாமலே அரசும் மாநிலத் தேர்தல் ஆணையமும் செய்யக்கூடியவை உண்டு. வார்டு ஒதுக்கீட்டையும் தேர்தல் மாதத்தையும் குறைந்தது ஆறு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். பள்ளித் தேர்வு வாரங்களைத் தவிர்க்க வேண்டும். சின்னம் கிடைத்த பிறகு இரண்டு வாரமாவது ஓட்டுக் கேட்க விட வேண்டும், அப்போது வேலைக்குப் போகிறவர் மாலைகளையும் ஞாயிறுகளையும் வைத்தே ஒப்பேற்றிவிடுவார். வேட்பாளருக்குச் சம்பளமில்லா விடுப்பு, வேலை போகாது என்ற உறுதியோடு வேண்டும். இதற்கு மட்டும் சட்டம் தேவைப்படும், செய்யலாம். வாக்காளருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாசலில் வந்து கும்பிடும் பெண்ணிடம் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கத் தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள். அதே கேள்வியை அடுத்து வரும் ஆண் வேட்பாளரிடமும் கேளுங்கள்.